அசை எல்லையும் உறுப்பு எல்லையும்: போலிஷ் நெடுஞ்சொற்கள் வழிப் பெற்ற பட்டறிவு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொல்லை ஒலிப்பின் அடிப்படையில் அசைகளாகப் பிரிப்பதும், பொருளின் அடிப்படையில் உறுப்புகளாகப் பிரிப்பதும் வெவ்வேறு செயல்கள். இவ்விரு பிரிப்புகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் போலிஷ் மொழியின் நெடுஞ்சொற்கள் தெளிவாகக் காட்டுகின்றன. தமிழ் வினைமுற்றுகளின் உறுப்பமைப்பை ஆராய்ந்து வரும் நிலையில் போலிஷ் மொழியைக் கற்றபோது கிடைத்த பட்டறிவை இக்கட்டுரை முன்வைக்கிறது. அசையின் மையம், மறைந்த உயிரொலிகள், சொல்லுறுப்புகள், வரி முடிவில் சொல்லை முறிக்கும் மரபு, அழுத்தம் ஆகியவை முறையே நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அசை, உருபன், போலிஷ் மொழி, மெய்ம்மயக்கம், ஈற்றயல் அழுத்தம், பகுபதம்.

1. முன்னுரை

என் முனைவர் பட்ட ஆய்வு தமிழ் வினைமுற்றுகளின் உறுப்பமைப்பைப் பற்றியது. ஆய்வுக்குழுக் கூட்டமொன்றில் ஒரு வினா எழுந்தது. “சொற்களை அசையாகவும் உறுப்பாகவும் இருமுறை ஏன் பிரிக்கிறீர்கள்? இரண்டையும் ஒரே அட்டவணையில் தந்தால் போதாதா?” என்பதே அவ்வினா. எளிய வினாவாகத் தோன்றினும், இதற்கு விடை கூறாமல் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எழுத இயலாது. தமிழுக்குள்ளேயே நின்று விடை தேடியபோது, பழகிய சொற்கள் பழகிய இடங்களிலேயே பிரிந்தன. எனவே, சொல்லமைப்பில் தமிழினின்றும் வெகுதொலைவு விலகிய மொழியொன்றில் இவ்வினாவை வைத்துப் பார்க்க விரும்பினேன்.

போலிஷ் மொழியைத் தேர்ந்தமைக்கு இரு காரணங்கள் உண்டு. 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக விளங்கிய இந்திரா பார்த்தசாரதி, போலந்தைப் பின்னணியாகக் கொண்டு ‘ஏசுவின் தோழர்கள்’ நாவலைப் படைத்தார். முதுகலை வகுப்பில் அந்நாவலைப் படித்த நாள்முதலே அந்நாட்டு மொழியின்மீது ஆர்வம் உண்டு. மற்றொரு காரணம், தமிழ் கற்பதற்காக எங்கள் துறைக்கு ஒரு பருவம் வந்திருந்த போலந்து நாட்டு ஆய்வாளர். நான் அவருக்குப் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்குத் தம் மொழியின் சொற்களைப் பிரித்துக் காட்டினார். அவர் ஊர் திரும்பிய பின்னரும் இரண்டாண்டுகளாக அக்கல்வியைத் தொடர்கிறேன்.

‘உருபன்’ என்று நாம் வழங்கும் கருத்துக்குரிய ‘மார்ஃபீம்’ என்னும் கலைச்சொல்லை உருவாக்கியவர் போலந்து நாட்டு மொழியியலறிஞர் யான் போதுவேன் த கூர்தெனே (1845–1929) என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சொல்லை உறுப்புகளாகப் பகுக்கும் நவீனச் சிந்தனையின் ஒரு வேர் அம்மண்ணில் இருக்கிறது.

இக்கட்டுரையில் ‘அசை’ என்பது ஒலியசையை மட்டும் குறிக்கும். நேர், நிரை என்னும் யாப்பசைகளைக் குறிக்காது. போலிஷ் சொற்கள் தமிழெழுத்தில் தோராயமாகவே தரப்பட்டுள்ளன. அடுத்தடுத்து வரும் புள்ளியெழுத்துகளை இடையில் உயிர் சேர்க்காமல் ஒலித்தல் வேண்டும்.

2. அசையின் மையம்

போலிஷ் சொல்லில் எத்தனை உயிரொலிகள் உள்ளனவோ அத்தனை அசைகள் உள்ளன. மெய்கள் எத்தனை அடுக்கி வந்தாலும் அசையின் எண்ணிக்கை கூடுவதில்லை. உயிரின்றி மெய் தனித்து இயங்காது என்னும் நம் மரபுக்கு இவ்விதி அயலானதன்று. அயலானது மெய்களின் அடுக்கே. தமிழில் மொழிமுதலில் மெய் தனித்து வாராது. இடையில் வரும் மெய்ம்மயக்கத்திற்கும் வரையறை உண்டு. போலிஷ் மொழியிலோ ஓர் உயிரைச் சுற்றி நான்கைந்து மெய்கள் திரண்டு நிற்றல் இயல்பு.

‘பெஸ்வ்ஸ்க்லென்ட்னி’ என்னும் அன்றாடச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘முழுமையான’, ‘இரக்கமற்ற’ என்பன இதன் பொருள்கள். அந்நாட்டு எழுத்தில் 11 எழுத்துகள் கொண்ட இச்சொல்லில் உயிர்கள் மூன்றே. முதல் உயிருக்கும் இரண்டாம் உயிருக்கும் நடுவில் ஐந்து மெய்கள் உள்ளன. இச்சொல்லைக் கைதட்டி அசை பிரித்துக் காட்டும்படி நண்பரைக் கேட்டேன். தயக்கமின்றி மூன்று முறை தட்டினார்: பெஸ் – வ்ஸ்க்லென்ட் – னி. அதே சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி, ஒலிப்பறியாத ஆய்வு மாணவர்களிடம் கொடுத்தபோது ஐந்து, ஆறு என்று எண்ணினர். மெய்களுக்கிடையே அவர்கள் நாவு தானாகவே உகரத்தையும் இகரத்தையும் செருகிக்கொண்டது. நம் நாவு தன் இலக்கணத்தை அயல்மொழிக்குள்ளும் எடுத்துச் செல்கிறது.

அசையை எண்ணுவதில் எழுத்து மயக்குவதும் உண்டு. போலிஷ் எழுத்தில் இகரக் குறி மற்றோர் உயிருக்கு முன் வந்தால், பெரும்பாலும் அது உயிரன்று. முன்னுள்ள மெய் மென்மையாக ஒலிக்கப்படும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. மறுதலையாக, ஒரே வகை உயிரெழுத்து இணை ஓரிடத்தில் ஓரசையாகவும் வேறிடத்தில் ஈரசையாகவும் நிற்கும். ‘ஐரோப்பா’ என்பதற்கான ‘எவ்ரொபா’ என்னும் சொல்லில் முதலிலுள்ள இரு உயிரெழுத்துகளும் சேர்ந்து ஓரசை. ‘கல்வி, அறிவியல்’ எனப் பொருள்படும் ‘நஉகா’ என்னும் சொல்லில் அகரமும் உகரமும் தனித்தனி அசைகள். அழுத்தமும் உகரத்தின்மேல் விழுகிறது. ‘ந’ முன்னொட்டு, ‘உக்’ கற்றலைக் குறிக்கும் பகுதி. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உறுப்பெல்லை, உயிர்கள் கலந்து ஒன்றாவதைத் தடுத்து நிற்கிறது. அசையைப் பற்றிய விதி உறுப்பைப் பற்றிய அறிவை வேண்டி நிற்கும் முதல் இடம் இது.

3. மறைந்த உயிர்கள்

இத்தனை மெய்கள் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்னும் வினாவிற்கு மொழி வரலாறு விடை தருகிறது. பண்டைய ஸ்லாவிய மொழியில் அசைகள் உயிரில் முடிவனவாகவே இருந்தன. அம்மொழியில் மிகக் குறுகி ஒலித்த இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்று இகரச் சாயலுடையது, மற்றது உகரச் சாயலுடையது. குற்றியலிகரத்தையும் குற்றியலுகரத்தையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இவற்றை உணர்தல் எளிது. ஏறத்தாழ 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான காலப்பகுதியில் இக்குறுகிய உயிர்கள் சில இடங்களில் மறைந்தன. சில இடங்களில் முழு உயிராக வலுப்பெற்றன.

எங்கே மறையும், எங்கே வலுப்பெறும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. செக் மொழியறிஞர் அந்தோனின் ஹாவ்லிக் 1889இல் இதனைப் பழைய செக் மொழியில் கண்டு வகுத்துரைத்தார். சொல்லின் இறுதியிலிருந்து எண்ணவேண்டும்; அடுத்தடுத்து வரும் குறுகிய உயிர்களுள் ஒற்றைப்படை எண்ணில் நிற்பது மறையும், இரட்டைப்படை எண்ணில் நிற்பது வலுப்பெறும். போலிஷ் மொழியில் ‘நாய்’ என்பது ‘பியெஸ்’. ‘நாயினுடைய’ என்பது ‘ப்ஸா’. எழுவாயில் ஈற்றிலிருந்த குறுகிய உயிர் மறைந்தது, அதற்கு முன்னிருந்தது எகரமாக வலுப்பெற்றது. வேற்றுமை ஏற்ற வடிவத்திலோ ஈற்றில் முழு உயிரான ஆகாரம் நிற்றலால், குறுகிய உயிர் முதலாம் எண்ணைப் பெற்று மறைந்தது. ‘ஸென்’ (உறக்கம்), ‘ஸ்னு’ (உறக்கத்தின்) என்னும் இணையும் இவ்வாறே அமைந்தது. விகாரம் எனத் தோன்றுவது ஒழுங்கான எண்ணிக்கையின் விளைவு.

புல்லின் தாளைக் குறிக்கும் ‘ஷ்ஜ்ப்வொ’ என்னும் சொல், அயலார் நாவைத் திணறச் செய்வது. நான்கு மெய்களும் ஓர் உயிரும் கொண்ட ஓரசைச் சொல் அது. அதன் பழைய வடிவத்தில் தகர ஒலிக்கும் பகர ஒலிக்கும் இடையே இகரச் சாயலுடைய குறுகிய உயிர் ஒன்று இருந்தது. அவ்வுயிர் தன் அருகிலிருந்த மெய்களை மென்மையாக்கிவிட்டுத் தான் மறைந்தது. உயிர் போயிற்று, அது விட்டுச்சென்ற மென்மை மட்டும் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது.

மறைவே இலக்கணப் பொருள் தருவதும் உண்டு. ‘விளைவு’ என்னும் பொருளுடைய ‘நஸ்டெம்ப்ஸ்ட்வொ’ மூன்றசைச் சொல். ‘விளைவுகளின்’ என்னும் பொருளில் அதன் ஈற்றுயிர் நீங்கி ‘நஸ்டெம்ப்ஸ்ட்ஃப்’ என நிற்கும், இது ஈரசை. இறுதி உயிருக்குப் பின் ஐந்து மெய்கள் ஒலிக்கின்றன. இங்கே உருபு ஏதும் ஒலிப்பதில்லை. ஒலி இல்லாமையே பன்மையையும் வேற்றுமையையும் உணர்த்துகிறது. முன்னாளில் அவ்விடத்திலிருந்த குறுகிய உயிர் மறைந்தமையால் நேர்ந்தது இது. எழுவாய் வேற்றுமைக்கு உருபின்மையை இலக்கணமாகக் கொண்ட நமக்கு, உருபின்மையே பன்மை உடைமைப் பொருளுக்கு அடையாளமாதல் புதிது.

4. சொல்லுறுப்புகள்

போலிஷ் மொழியின் நீண்ட சொற்களுக்கு எடுத்துக்காட்டாக அந்நாட்டார் விருப்பத்துடன் சொல்லும் சொல் ‘கொன்ஸ்டான்டினொபொலிடாஞ்சிகொவ்யானெச்கா’. 32 எழுத்துகள், 12 அசைகள். இது விளையாட்டாக ஆக்கப்பட்ட சொல். அன்றாட வழக்கில் இதற்குத் தேவையில்லை. எனினும் இதன் ஒவ்வோர் உறுப்பும் அன்றாட மொழியில் வழங்குவதே. கான்ஸ்டான்டிநோபிள் என்னும் நகரப்பெயர் பகுதியாக நிற்க, ‘இடான்’, ‘சிக்’ ஆகியவை அந்நகரத்தானைக் குறிக்கின்றன. ‘ஒவ்’, ‘யான்’ ஆகியவை சார்புப் பொருள் தருகின்றன. ‘எச்’, ‘க்’ ஆகியவை பெண்மையையும் செல்லப்பொருளையும் சேர்க்கின்றன. ‘ஆ’ பெண்பால் எழுவாய் ஈறு. அந்நகரத்தான் குடியைச் சார்ந்த சிறு பெண்ணைக் கொஞ்சிச் சொல்லும் சொல் என்று கொள்ளலாம்.

இதன் அசைகள் வருமாறு: கொன் – ஸ்டான் – டி – னொ – பொ – லி – டாஞ் – சி – கொ – வ்யா – னெச் – கா. நகரப்பெயரைப் பிரிக்காது ஒரே பகுதியாகக் கொண்டால், உறுப்புகள் சந்திக்கும் இடங்கள் ஏழு. அவற்றுள் அசையெல்லையோடு பொருந்துவன இரண்டே: ‘டாஞ்’ என்பதற்குப் பின்னும், ‘னெச்’ என்பதற்குப் பின்னும். எஞ்சிய ஐந்து இடங்களில் ஓர் உறுப்பின் ஈற்று மெய் அடுத்த உறுப்பின் உயிரோடு சேர்ந்து அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் புணர்ச்சியைப் போன்றது இது.

வழக்கிலுள்ள சொல்லொன்றையும் காண்போம். போலந்து நாணயமான ஸ்வொட்டியின் நூறில் ஒரு பங்கு ‘க்ரொஷ்’. ஐம்பது க்ரொஷ் நாணயத்திற்குப் ‘பியெஞ்ச்ஜெஷெஞ்சொக்ரொஷுஃப்கா’ என்று பெயர். 23 எழுத்துகள், ஏழு அசைகள்: பியெஞ்ச் – ஜெ – ஷெஞ் – சொ – க்ரொ – ஷுஃப் – கா. ‘பியெஞ்ச்’ ஐந்து, அடுத்தது பத்து என்பதன் திரிந்த வடிவம், ‘ஒ’ இரு சொற்களை இணைக்கும் உயிர், பின்னர்ப் பகுதியாகிய ‘க்ரொஷ்’, அதன்மேல் பெயராக்கப் பின்னொட்டுகள், இறுதியில் பெண்பால் ஈறு. உறுப்புகள் சந்திக்கும் ஆறு இடங்களில் மூன்று அசையெல்லையோடு பொருந்துகின்றன, மூன்று பொருந்தவில்லை. எண்ணுப்பெயரின் அமைப்பும் நமக்கு அணுக்கமானது. ‘ஐம்பது’ என்பது ஐந்தும் பத்தும் புணர்ந்தது. போலிஷ் சொல்லும் ‘பத்துகளில் ஐந்து’ என்னும் தொடரே உறைந்து ஒரு சொல்லானது.

நன்னூலின் ஆறு உறுப்புகளை இச்சொற்களின்மேல் பொருத்திப் பார்த்தேன். பகுதி, விகுதி, இடைநிலை, விகாரம் ஆகியவற்றுக்கு இடம் கிடைக்கிறது. இரு சொற்களை இணைக்கும் ‘ஒ’ சாரியையின் தொழிலை நினைவூட்டுகிறது. ஆனால் போலிஷ் வினையில் பெருவழக்கான முன்னொட்டுக்கு அந்த ஆறனுள் இடமில்லை. ‘பெஸ்வ்ஸ்க்லென்ட்னி’ என்பதிலேயே முன்னொட்டுகள் இரண்டு உள்ளன: இன்மைப் பொருளில் ‘பெஸ்’, மேல்நோக்கிய பொருளில் ‘வ்ஸ்’. ‘க்லென்ட்’ என்னும் பகுதி நோக்குதலைக் குறிக்கும். பிறரை நோக்கும் நோக்கு இல்லாமையே இரக்கமின்மையாயிற்று. தமிழில் ‘கண்ணோட்டம்’ என்பது கண் ஓடுதலிலிருந்து இரக்கத்தைக் குறிக்க வந்ததை இங்கு ஒப்புநோக்கலாம். ஐந்து மெய்களின் இறுக்கமான அடுக்கு, மூன்று உறுப்புகள் சந்திக்கும் இடமாகப் புலப்பட்டபின் அச்சொல் எனக்கு அரிதாகத் தோன்றவில்லை. உறுப்பறிந்தவர்க்கு மெய்யடுக்கு சுமையன்று.

5. வரி முடிவில் முறியும் சொல்

அச்சில் வரி முடியும் இடத்தில் நெடுஞ்சொல்லை எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்பது போலிஷ் பதிப்பாளர்க்கு நடைமுறைச் சிக்கல். இதற்கு அந்நாட்டு எழுத்திலக்கணம் வகுத்துள்ள விதிகளில் ஒலியும் பொருளும் நேருக்கு நேர் நிற்பதைக் காணலாம்.

உயிரில்லாத துண்டைத் தனித்து விடலாகாது. இரு உயிர்களுக்கு நடுவில் வரும் ஒற்றை மெய் பின்னுள்ள உயிரோடு செல்லும். மெய்கள் பல அடுக்கி வந்தால், முறிக்கும் இடத்தை எழுதுவோரே தேரலாம். ‘சகோதரி’ என்னும் பொருளுடைய ‘ஷொஸ்ட்ரா’ என்பதை ஷொ – ஸ்ட்ரா எனவும், ஷொஸ் – ட்ரா எனவும், ஷொஸ்ட் – ரா எனவும் முறிக்கலாம், மூன்றும் சரியே. “எது மிகச் சரி என்று சொல்லுங்கள்” என்று நண்பரை வற்புறுத்தினேன். “உங்களுக்கு எது பிடிக்குமோ அது” என்றார். அசைகள் எத்தனை என்பதில் ஐயமில்லாத மொழி, ஓர் அசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில் இத்துணை நெகிழ்வு காட்டுகிறது. அசைக்கு மையம் உறுதியானது. எல்லை அத்துணை உறுதியானதன்று.

முன்னொட்டு வரும்போதோ இந்நெகிழ்வு நின்றுவிடுகிறது. ‘கொழுந்துவிடச் செய்தல்’ எனப் பொருள்படும் ‘ரொஸொக்னிச்’ என்பதில் ‘ரொஸ்’ முன்னொட்டு; பகுதி ‘தீ’ என்னும் பொருளுடைய பெயரிலிருந்து பிறந்தது. ஒற்றை மெய் விதிப்படி ரொ – ஸொக் – னிச் எனப் பிரியவேண்டும். ஆயினும் ரொஸ் – ஒக் – னிச் என்றே முறிப்பர். ஏனெனில் முன்னொட்டு இன்றும் உணரப்படுகிறது. ‘பகுத்தறிவு’ எனப் பொருள்படும் ‘ரொஸும்’ என்னும் சொல்லும் வரலாற்று நோக்கில் அதே முன்னொட்டும் ‘உம்’ (மனம், அறிவு) என்னும் பகுதியும் சேர்ந்ததே. ஆனால் இன்றைய பேச்சாளர் அதனை ஒரே சொல்லாகக் கருதுகின்றனர்; ஆகவே அது ரொ – ஸும் என முறியும். எல்லை உணரப்படும்வரை உறுப்பு விதி வெல்கிறது. உணர்வு மங்கியதும் ஒலி விதி அவ்விடத்தை எடுத்துக்கொள்கிறது. ‘மலையமானாடு’ என்பது ‘மலாடு’ என மருவியபின் அதன் உறுப்புகளைப் பேசுவோர் தேடுவதில்லை அல்லவா, அதுபோன்றதே இது.

இரு எழுத்துகள் சேர்ந்து ஓரொலி குறிக்கும் கூட்டெழுத்துகளிலும் இந்நிலை காணப்படுகிறது. ‘டி’, ‘ஸெட்’ என்னும் உரோமன் எழுத்துகள் இணைந்தால் ‘நாள்’ என்னும் பொருளுடைய ‘ஜெஞ்’ என்னும் சொல்லில் ஓரொலியாகும். அவற்றைப் பிரித்தல் கூடாது. ‘நிலத்தடி’ எனப் பொருள்படும் ‘பொட்ஷெம்னி’ என்பதில் அதே இரு எழுத்துகள் அடுத்தடுத்து நின்றாலும், முன்னது ‘கீழ்’ என்னும் முன்னொட்டின் இறுதி, பின்னது ‘நிலம்’ என்னும் சொல்லின் முதல். அங்கே பிரித்தே ஆகவேண்டும். எழுத்தைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்ய இயலாது. சொல்லின் உறுப்பை அறிந்தவரே சரியாக ஒலிப்பர்.

6. அழுத்தம் காக்கும் எல்லை

போலிஷ் சொல்லழுத்தம் பொதுவாக ஈற்றயல் அசையில் விழும். இறுதியிலிருந்தே எண்ணப்படுவதால், சொல்லின் முன்னே எதைச் சேர்த்தாலும் அழுத்தம் அசைவதில்லை. பின்னே சேர்த்தால் இடம்பெயரும். ‘ரொபிச்’ (செய்தல்) என்பதில் அழுத்தம் ‘ரொ’ மீது. ‘ஸரொபிச்’ (ஈட்டுதல்), ‘ப்ஷெரொபிச்’ (மாற்றியமைத்தல்) என முன்னொட்டு சேர்ந்தாலும் அது ‘ரொ’ மீதே நிற்கும். ‘ஸ்டுடென்ட்’ (மாணவர்) என்பதில் முதலசையிலுள்ள அழுத்தம், ‘ஸ்டுடென்டா’ (மாணவரை) என்பதில் ‘டென்’ மீதும், ‘ஸ்டுடென்டாமி’ (மாணவர்களோடு) என்பதில் ‘டா’ மீதும் நகரும். மேலே கண்ட ‘நஸ்டெம்ப்ஸ்ட்வொ’ ஈற்றுயிரை இழக்கும்போது அழுத்தம் பின்வாங்கி முன்னொட்டின்மேல் விழுகிறது. (‘ரொபிச்’ என்பதன் பகுதி செக் மொழியில் ‘ரொபொடா’ என்னும் சொல்லில் உண்டு, காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வழியே அது ‘ரோபோ’ எனத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது.)

கடன்சொற்கள் சில இவ்விதிக்கு விலக்கு. ‘மடெமாடிகா’ (கணிதம்) என்பதிலும் ‘உனிவெர்ஸிடெட்’ (பல்கலைக்கழகம்) என்பதிலும் ஈற்றிலிருந்து மூன்றாம் அசை அழுத்தம் பெறும். அவை வேற்றுமொழியின் தடங்கள். என் வினாவிற்கு நேரே விடை தருவது வேறொரு விலக்கு.

‘ஸ்ரொபிலிபிஷ்மி’ என்பது ‘நாங்கள் செய்திருப்போம்’ எனப் பொருள்படும் ஒரே சொல். ஐந்து அசைகள்: ஸ்ரொ – பி – லி – பி – ஷ்மி. தொடக்கத்து ‘ஸ்’ செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும் முன்னொட்டு; ‘ரொப்’ பகுதி; அதனையடுத்த ‘இ’ வினையடி உயிர்; ‘ல்’ இறந்தகாலம்; அடுத்த ‘இ’ ஆண்பால் அல்லது இருபாற்கும் பொதுவான பலர்; ‘பி’ நிபந்தனை; ‘ஷ்மி’ தன்மைப் பன்மை. விதிப்படி அழுத்தம் ஈற்றயலாகிய நான்காம் அசையில் விழவேண்டும். கவனமாகப் பேசப்படும் செம்மொழி வழக்கிலோ அது இரண்டாம் அசையில், அதாவது ஈற்றிலிருந்து நான்காம் அசையில் விழுகிறது. ‘ஸ்ரொபிலி’ என்பது தனிச்சொல்லாக நின்றால் அழுத்தம் எங்கே விழுமோ அங்கேயே அது நிற்கிறது. பின்னே சேர்ந்த ஈரசைகளையும் அழுத்தம் எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை.

காரணம் அவை முன்னாளில் தனிச்சொற்களாக இருந்தமையே. ‘ஷ்மி’ என்பது ‘இருக்கிறோம்’ என்னும் துணைவினையின் தேய்ந்த வடிவம். ‘பி’ என்பதும் ‘இருத்தல்’ வினையிலிருந்து வந்தது. ‘செய்து இருக்கிறோம்’ என்னும் தொடர் பேச்சில் ‘செஞ்சிருக்கோம்’ என இறுகுவதை அறிந்த நமக்கு இதன் போக்கு விளங்கும். மேலும், இவ்வொட்டுகள் இன்றும் முற்றாகக் கட்டுண்டுவிடவில்லை. ‘நாங்கள் செய்தோம்’ என்பதை ‘மி ஸ்ரொபிலிஷ்மி’ என்றும், ‘ஷ்மி’யை வினையிலிருந்து கழற்றி நாங்கள் என்னும் சொல்லோடு சேர்த்து ‘மிஷ்மி ஸ்ரொபிலி’ என்றும் சொல்லலாம். எழுத்து ஒரே சொல் என்கிறது. அழுத்தமோ இங்கே பழைய எல்லை உண்டு என்கிறது.

அவ்வெல்லை இன்று மெல்லத் தேய்ந்து வருகிறது. அன்றாடப் பேச்சில் பலர் இவ்வினைகளையும் ஈற்றயல் அழுத்தத்தோடு ஒலிக்கின்றனர். அவர்கள் நாவில் ‘ஷ்மி’ வெறும் விகுதியாகிவிட்டது. இதனைப் பிழை என்று ஒதுக்குவாரும் உளர். இயல்பான வளர்ச்சி என்று ஏற்பாரும் உளர். ஓர் ஆய்வாளர் நோக்கில், துணைவினை விகுதியாக மாறும் நிகழ்ச்சியை நூல்களில் ஊகித்து அறியாமல் வாழும் நாவுகளிலேயே கேட்கக் கிடைத்த வாய்ப்பு இது.

எது சொல், எது உறுப்பு என்னும் இவ்வழக்கு எழுத்திலக்கணத்திலும் தொடர்கிறது. 1795 முதல் 1918 வரை போலந்து மூன்று அரசுகளுக்கிடையே கூறுபட்டிருந்தது. விடுதலைக்குப் பின், 1936இல் எழுத்திலக்கணம் சீர்செய்யப்பட்டது. அண்மையில் போலிஷ் மொழி மன்றம் 2024இல் அறிவித்த மாற்றங்கள் 2026 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, இணைப்பிடைச்சொற்களையடுத்து வரும் ‘பி’ ஒட்டினைப் பிரித்தெழுதுதல் பற்றியது. வினையோடு வரும்போது அது சேர்ந்தே எழுதப்படும். ஆக, ஒரே ஒட்டு ஓரிடத்தில் தனிச்சொல்லாகவும் மற்றோரிடத்தில் உறுப்பாகவும் எழுதப்படுகிறது.

7. நெடுஞ்சொல் என்னும் அரண்

நெடுஞ்சொற்களுக்குச் சமூகப் பயனும் உண்டு. ததெவுஷ் ஹ்மியெலெவ்ஸ்கி இயக்கி 1970இல் வெளிவந்த நகைச்சுவைத் திரைப்படமொன்றில், ஜெர்மானியரிடம் சிக்கிய போலந்து வீரன் தன் பெயர் ‘க்ஜெகொஷ் ப்ஜென்சிஷ்சிகியெவிச்’ என்று புனைந்து கூறுகிறான். விசாரிக்கும் அதிகாரி அதனைத் தட்டச்சு செய்ய இயலாமல் திணறுகிறார். அக்காட்சி போலந்து மக்கள் அனைவரும் அறிந்தது. குடும்பப்பெயரில் எழுத்துகள் 19, அசைகள் ஐந்து. தொடக்கத்திலுள்ள பகுதி வண்டுபோல் இரைதலைக் குறிக்கிறது. இறுதியிலுள்ள ‘எவிச்’ இன்னார் மகன் என்னும் பொருளில் வந்த ஒட்டு. கவிஞர் ஆதம் மிட்ஸ்கியெவிச் பெயரிலும் அது உண்டு. உறுப்பறிந்த போலந்துக்காரர்க்கு அது ‘இரைச்சலார் மகன்’ என்னும் வேடிக்கைப் பெயர். உறுப்பறியாத அதிகாரிக்கு அது எழுத்துகளின் குவியல். ஒரே சொல் ஒருவருக்குத் திறந்தும் மற்றவருக்கு மூடியும் இருப்பதற்கு அதன் நீளம் காரணமன்று. உறுப்புகளின் எல்லையைக் காணும் கண்ணே காரணம்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் உறுதிப்படுகின்றன. அசை உயிரை மையமாகக் கொண்டு எண்ணப்படுவது. அதன் எல்லை நெகிழ்வானது. உறுப்பு பொருளை மையமாகக் கொண்டது. அதன் எல்லை பேசுவோர் உணர்வைச் சார்ந்தது. இவ்விரண்டும் சில இடங்களில் பொருந்துவது உண்மை. ஆயின் நீண்ட சொற்களில் அவை பொருந்தாத இடங்களே சொல்லின் வரலாற்றை அதிகம் பேசுகின்றன. அழுத்தம், முறிப்பு மரபு, எழுத்துமுறை ஆகியவை ஒரே எல்லையைப் பற்றி வேறுபட்ட சான்று கூறலாம்.

ஆய்வுக்குழு எழுப்பிய வினாவிற்கு இதுவே என் விடை. ‘வந்தான்’ என்பது அசையால் வந் – தான் என இரண்டாகும். உறுப்பால் வ – ந் – த் – ஆன் என நான்காகும். உறுப்புகள் சந்திக்கும் மூன்று இடங்களில் ஒன்று மட்டுமே அசையெல்லையோடு பொருந்துகிறது. எஞ்சிய இரண்டனுள் ஒன்றை நம் உயிர்மெய்யெழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது. ‘தா’ என்னும் ஓரெழுத்துக்குள் காலமும் பாலும் அடங்கிக் கிடக்கின்றன. இரு பகுப்புகளையும் ஒரே நிரலில் கலந்து தந்தால் இச்செய்தி மறைந்துபோகும். எனவே ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஒவ்வொரு வினைமுற்றுக்கும் அசைக்கு ஒரு நிரலும் உறுப்புக்கு ஒரு நிரலும் தனித்தனியே தந்து, இரண்டும் விலகும் இடங்களுக்கு வரலாற்று விளக்கம் கூறும் மூன்றாம் நிரலொன்றையும் சேர்த்துள்ளேன். மூன்றாம் நிரலே மூன்றனுள்ளும் நீண்டதாக அமைந்துள்ளது.